இத்தாலிய ஜெலாட்டோ: சுவைப்பதும் நல்ல கடையைக் கண்டுபிடிப்பதும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இத்தாலிக்குப் பயணம் புறப்படும் நண்பர்களும் உறவினர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். ஜெலாட்டோ அன்றன்று செய்து அன்றன்று உண்ண வேண்டிய பண்டம். அதை அப்படியே நடத்தும் கடையைக் கண்ணாலும் நாவாலும் இனங்காண முடியும் என்பதை மனத்தில் வைத்தே ஒவ்வொரு பதிலையும் எழுதியிருக்கிறேன்.

ஜெலாட்டோ என்பது ஐஸ்க்ரீமுக்கு இத்தாலியர் வைத்த பெயர்தானே?

சொல்லளவில் பார்த்தால் ஆம். இத்தாலிய மொழியில் ‘ஜெலாட்டோ’ என்றால் ‘உறைந்தது’ என்று பொருள். ஆலையில் செய்து பெட்டியில் அடைத்து விற்கும் ஐஸ்க்ரீமையும் அங்கே அதே சொல்லால்தான் அழைக்கிறார்கள். ஆனால் ஒரு ஜெலாட்டேரியாவில், அதாவது ஜெலாட்டோவைத் தானே செய்து விற்கும் கடையில், உங்கள் கைக்கு வருவது மூன்று வகையில் வேறுபட்டது.

முதலாவது கொழுப்பு. இந்தியாவில் ஒரு பண்டத்தை வேறு அடைமொழி இல்லாமல் ‘ஐஸ்க்ரீம்’ என்று விற்க வேண்டுமானால் அதில் குறைந்தது 10 விழுக்காடு பால் கொழுப்பு இருக்க வேண்டும். அமெரிக்காவிலும் அளவு அதுவே. ஜெலாட்டோவில் க்ரீமைவிடப் பாலே அதிகம் சேர்வதால் கொழுப்பு பெரும்பாலும் 4 முதல் 9 விழுக்காட்டுக்குள் நின்றுவிடுகிறது. இரண்டாவது காற்று. கடையும்போது எந்த உறைபண்டத்திலும் காற்று புகும். ஆலை ஐஸ்க்ரீமில் கலவையின் அளவுக்குச் சமமான காற்றைக்கூட ஏற்றிவிட முடியும் என்பதால்தான் நம் நாட்டு விதி ஒரு லிட்டர் ஐஸ்க்ரீம் குறைந்தது 525 கிராம் எடை இருக்க வேண்டும் என்று வரம்பு கட்டியிருக்கிறது. மெதுவாகக் கடையப்படும் ஜெலாட்டோவில் சேரும் காற்று ஏறத்தாழ 20 முதல் 35 விழுக்காடு மட்டுமே. ஒரு லிட்டர் 800 கிராமுக்கு மேல் கனக்கும். மூன்றாவது வெப்பநிலை. ஐஸ்க்ரீமைச் சுழியத்துக்குக் கீழே 18 டிகிரியில் வைப்பார்கள். ஜெலாட்டோவைப் பரிமாறுவது சுழியத்துக்குக் கீழே 12 முதல் 14 டிகிரியில்.

கொழுப்பு குறைவென்றால் சுவையும் குறைய வேண்டாமா?

இந்தக் கேள்வியைக் கேட்காதவர் குறைவு. குளிர் மிகும்போது நாவின் சுவையுணர்வு, குறிப்பாக இனிப்பை அறியும் உணர்வு, மங்கிப்போகிறது. நான்கு முதல் ஆறு டிகிரி வெப்பம் கூடுதலாக இருப்பதாலேயே ஜெலாட்டோவின் சுவை வாயில் வைத்தவுடன் எழுகிறது. கொழுப்போ நாவின்மீது படலமாகப் படிந்து பழத்தின் புளிப்பையும் பருப்பின் மணத்தையும் தாமதமாகவே வெளிவிடும். அது குறைந்திருக்கும்போது அந்தத் தாமதமும் குறைகிறது. காற்று குறைவாக இருப்பதால் ஒவ்வொரு கரண்டியிலும் உண்மையான பொருள் மிகுதியாக இருக்கிறது. அதனால்தான் ஜெலாட்டோவில் மட்டமான மூலப்பொருளை ஒளித்துவைப்பது கடினம்.

இதன் வரலாறு எங்கே தொடங்குகிறது?

ஒரே இடத்தில், ஒரே மனிதரிடம் தொடங்கியதாகச் சொல்லும் கதைகளை நான் ஏற்பதில்லை. பனிக்கட்டியோடு உப்பைக் கலந்தால் அந்தக் கலவையின் குளிர் தண்ணீர் உறையும் நிலைக்கும் வெகு கீழே இறங்கும் என்ற அறிவு பரவிய பிறகுதான் இனிப்புப் பானங்களைக் கடைந்து உறையவைப்பது கைவந்தது. அந்த அறிவு பல வழிகளில் பரவியது. 16ஆம் நூற்றாண்டில் ஃப்ளோரன்ஸில் அந்நகரை ஆண்ட மெடிச்சி குடும்பத்தாரிடம் பணியாற்றிய கட்டடக் கலைஞர் பெர்னார்தோ புவோந்தாலெந்தி பாலும் முட்டையும் சேர்ந்த உறைபண்டத்தை விருந்துக்குப் படைத்தார் என்பது அந்நகரத்தார் பெருமையோடு சொல்லும் மரபு. அதைவிட உறுதியான சான்று நேப்பிள்ஸில் கிடைக்கிறது. அங்கே பெரிய வீட்டு விருந்துகளை நடத்தும் பொறுப்பிலிருந்த அந்தோனியோ லத்தீனி, 1690களில் சொர்பெத்தோ எனும் உறைபண்டத்தின் செய்முறைகளை எழுதி அச்சிட்டார். பாலைச் சேர்த்துச் செய்யும் சொர்பெத்தோவும் அவற்றில் ஒன்று. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, 1686இல், சிசிலித் தீவைச் சேர்ந்த ஃப்ரான்செஸ்கோ ப்ரோகோப்பியோ பாரிஸில் ஒரு காப்பிக் கடையைத் திறந்து அரண்மனைப் பண்டத்தைக் காசு கொடுத்து வாங்கும் மக்களிடம் கொண்டுவந்தார். அந்த இடம் இன்றும் உணவகமாக நடக்கிறது.

இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் நெருக்கமான பகுதி அரண்மனைக்கு வெளியே நடந்தது. வடக்கே, தோலொமைட் மலைத்தொடரில் உள்ள சோல்தோ, கதோரே பள்ளத்தாக்குகள் ஏழ்மையானவை. அங்கிருந்து 19ஆம் நூற்றாண்டில் வியன்னாவுக்கும் ஜெர்மானிய நகரங்களுக்கும் பிழைக்கச் சென்றவர்கள் தள்ளுவண்டியில் ஜெலாட்டோ விற்றார்கள். ஜெர்மனியின் சிறு நகரங்களில்கூட இன்று இத்தாலிய ஜெலாட்டோ கடைகள் இருப்பதற்கும், அவற்றுள் பல குளிர்காலத்தில் கதவடைத்துக் குடும்பத்தோடு ஊர் திரும்புவதற்கும் அந்தக் குடிபெயர்வே காரணம். அந்த மலையடிவாரத்து ஊரான லொங்கரோனேயில் 1959 முதல் ஜெலாட்டோ தொழிலாளருக்கான கண்காட்சி நடந்துவருகிறது.

கையால் கடைந்த காலம் 20ஆம் நூற்றாண்டில் முடிந்தது. 1927இல் பொலோன்யாவைச் சேர்ந்த ஒதெல்லோ கத்தாப்ரீகா தானியங்கிக் கடைபொறிக்குக் காப்புரிமை பெற்றார். பாத்திரத்தின் ஓரத்தில் உறைவதைச் சுரண்டியெடுத்து மீண்டும் ஓரத்திலேயே பூசும் கைவேலையை அந்தப் பொறி அப்படியே செய்தது. நம் வீடுகளில் மோர் கடைந்த மத்தை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு அந்தப் பொறியை விளக்க வேண்டியிராது.

கடைக்குள் இதை எப்படிச் செய்கிறார்கள்?

பால், சிறிது க்ரீம், சர்க்கரை வகைகள், சில சுவைகளுக்கு முட்டை மஞ்சள்கரு ஆகியவற்றைக் கலந்து 65 முதல் 85 டிகிரி வரை சூடாக்கிக் கிருமி நீக்குகிறார்கள். பிறகு விரைவாக 4 டிகிரிக்குக் குளிரவைத்து, சில மணிநேரம் அப்படியே ‘முதிர’ விடுகிறார்கள். இந்த ஓய்வில்தான் பால் புரதமும் இயற்கைப் பிசின்களும் நீரை உறிஞ்சிக்கொள்கின்றன. அதன்பின் கடைபொறி. மிருது என்று நாம் சொல்வது பனிப்படிகங்களின் அளவைப் பொறுத்தது. படிகம் சிறுத்திருந்தால் பட்டு, பெருத்தால் மணல். விரைவாகக் குளிரூட்டினால் படிகம் சிறிதாகும். நாள்கள் கடந்தால் அது தானே பெருக்கும். நேற்றைய ஜெலாட்டோ இன்றையதைப் போல இருக்க முடியாததற்குக் காரணம் இதுதான்.

சர்க்கரை இங்கே இனிப்புக்காக மட்டும் சேர்க்கப்படுவதில்லை. அது உறைநிலையைத் தாழ்த்திப் பண்டத்தைக் கரண்டிக்கு இளக்கமாக வைக்கிறது. அதனால்தான் தேர்ந்த கைவினைஞர் இனிப்பு மிகாமல் இளக்கம் மட்டும் கிடைக்க வெவ்வேறு சர்க்கரைகளை அளந்து சேர்க்கிறார். பழம், நீர், சர்க்கரை மட்டும் கொண்டு பாலே இல்லாமல் செய்வதற்கு இன்று சொர்பெத்தோ என்று பெயர்.

வாங்குவதற்கு முன்பே நல்ல கடையை அடையாளம் காண முடியுமா?

பெரும்பாலும் முடியும், கண்ணாடிக்கு வெளியே இரண்டு நிமிடம் நின்று பார்த்தால் போதும்.

முதலில் பிஸ்தாவைப் பாருங்கள். வறுத்து அரைத்த பிஸ்தாவின் நிறம் பழுப்பு கலந்த மங்கலான பச்சை. கிளிப்பச்சையில் ஒளிர்ந்தால் அங்கே நிறமி சேர்ந்திருக்கிறது. பல வேளைகளில் பிஸ்தாவின் இடத்தைப் பாதாம் வாசனை பிடித்திருக்கும். அடுத்து வாழைப்பழம். உரித்து மசித்த வாழைப்பழம் என்ன நிறம் ஆகும் என்பது நமக்குத் தெரியும். வெளிறிய சாம்பல் கலந்த வெண்மை. மஞ்சளாக இருந்தால் அது பழத்தின் நிறமாக இருக்க வழியில்லை. எலுமிச்சைச் சொர்பெத்தோ வெண்மையாகவும், புதினா இலையை ஊறவைத்துச் செய்த ஜெலாட்டோ ஏறக்குறைய வெண்மையாகவும் இருக்க வேண்டும். இந்த நான்கும் சரியாக இருந்தால் மற்றவை பற்றி நான் அதிகம் கவலைப்படுவதில்லை.

பிறகு உயரத்தைப் பாருங்கள். பாத்திர விளிம்புக்கு மேலே குன்றாகக் குவித்து, அதன்மேல் பழத்துண்டுகளையும் பிஸ்கட்டுகளையும் செருகிய காட்சி புகைப்படத்துக்கு அழகாக இருக்கும். ஆனால் குளிர் கிடைப்பது பாத்திரத்துக்குள்தான். விளிம்புக்கு மேலே நிற்பது உருகாமல் இருக்க வேண்டுமென்றால் அதில் காற்றும் தாவரக் கொழுப்பும் நிலைநிறுத்திகளும் அளவுக்கு மீறிச் சேர்ந்திருக்க வேண்டும். நல்ல கடைகளில் ஜெலாட்டோ பாத்திரத்துக்குள் தட்டையாக, சற்றுச் சோம்பலாகக் கிடக்கும்.

சில கடைகளில் எதையுமே பார்க்க முடியாது. மேசையில் வட்ட உலோக மூடிகள் மட்டும் வரிசையாக இருக்கும். ‘பொத்சேத்தி’, அதாவது சிறு கிணறுகள் என்று அழைக்கப்படும் இந்த ஆழ்ந்த உருளைகள் வெளிச்சமும் காற்றும் படாமல் வெப்பநிலையை ஒரே சீராகக் காக்கின்றன. கண்ணால் கவரும் வாய்ப்பைக் கடைக்காரரே விட்டுக்கொடுத்திருக்கிறார் என்பதால் இத்தகைய கடைகள்மீது எனக்கு முன்கூட்டியே ஒரு மதிப்பு வந்துவிடுகிறது. மூடி இருந்தாலே தரம் உறுதி என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். அதற்கு நாவின் சோதனை இருக்கிறது.

கடைசியாகப் பட்டியல். ஒரு சிறு கடையில் 60 சுவைகள் இருந்தால் அத்தனையும் அன்று செய்தவையாக இருக்க முடியுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். டிசம்பரில் பீச் பழமும் ஸ்ட்ராபெரியும் முன்வரிசையில் இருந்தால் அது உறைந்த கூழாகவோ பொடியாகவோ இருக்கலாம். ஆகஸ்டு இறுதியிலும் செப்டம்பரிலும் அத்தியும், இலையுதிர் காலத்தில் செஸ்ட்நட்டும் சீமைப்பனிச்சையும் பலகையில் எழுதப்பட்டிருக்கும் கடையில் யாரோ ஒருவர் காலையில் சந்தைக்குப் போய்வருகிறார்.

‘ஆர்த்திஜனாலே’ என்ற பலகையை நம்பலாமா?

அந்தச் சொல்லுக்குக் ‘கைவினையாகச் செய்தது’ என்று பொருள். ஆனால் ஆலையிலிருந்து வந்த பொடியையும் பசையையும் பாலில் கலந்து, கடைக்குள் இருக்கும் பொறியில் ஊற்றிக் கடைந்தவரும் அதே பலகையை மாட்டிக்கொள்கிறார். ஆகவே பலகையை விட்டுவிட்டுப் பொருள்பட்டியலைக் கேளுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் உணவுத் தகவல் விதிகள் 2014 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தபின், பொதியாமல் விற்கும் உணவுக்கும் பால், முட்டை, பருப்பு வகைகள் உள்ளிட்ட 14 ஒவ்வாமைப் பொருள்கள் பற்றிய தகவலைக் கடை தந்தாக வேண்டும். பல இத்தாலியக் கடைகளில் இது சுவரில் தொங்கும் தாளாகவோ தடித்த கோப்பாகவோ இருக்கும். பட்டியல் குறுகியதாக, நீங்கள் சமையலறையில் அறிந்த பெயர்களாக இருந்தால் நன்று. கராப் விதைப் பிசின், கொத்தவரைப் பிசின் போன்றவற்றைக் கண்டு அஞ்ச வேண்டாம். அவை விதையிலிருந்து வருபவை, மிகச் சிறிய அளவில் நல்ல கடைகளிலும் பயன்படுபவை. ஹைட்ரஜன் ஏற்றிய தாவரக் கொழுப்பும் செயற்கை நிறமியும் கண்ணில் பட்டால் நான் திரும்பிவிடுவேன்.

புதிய கடையில் முதலில் எதைக் கேட்பது?

‘ஃபியோர் தி லாத்தே’, அதாவது பால் மட்டும் கொண்ட வெறும் ஜெலாட்டோ. அதில் முட்டை இல்லை, வெனிலா இல்லை, சாக்லேட் இல்லை. பால் நன்றாக இல்லையென்றால் மறைக்க எதுவும் இல்லை. வெள்ளைப் பணியாரத்தை வைத்துச் சமையல்காரரை மதிப்பிடுவதைப் போன்றது இது. அதோடு ஒரு பருப்புச் சுவையைச் சேருங்கள்: எட்னா எரிமலைச் சரிவில் உள்ள ப்ரொன்தேயின் பிஸ்தா அல்லது பியெமொந்தே பகுதியின் ஹேசல்நட். ப்ரொன்தேயில் பிஸ்தா இரண்டு ஆண்டுக்கு ஒருமுறைதான் அறுவடையாகிறது; விலை உயர்வாக இருப்பதில் வியப்பில்லை.

வாயில் வைத்தபின் மூன்றைக் கவனியுங்கள். மணல்போல் நெருடினால் பழையது, அல்லது உருகி மீண்டும் உறைந்தது. விழுங்கியபின் அண்ணத்தில் எண்ணெய்ப் பூச்சு நின்றால் கொழுப்பு பாலிலிருந்து வந்ததல்ல. தின்று முடித்தவுடன் தாகம் எடுத்தால் சர்க்கரை மிகுதி. நல்ல ஜெலாட்டோ வாயைச் சுத்தமாக விட்டுச் செல்லும். சுவை மட்டும் சிறிது நேரம் நிற்கும்.

கோனா, கிண்ணமா?

சுவையை ஆராய வேண்டுமென்றால் கிண்ணம். ரோமில் உள்ள சான் க்ரிஸ்பீனோவும் ஃப்ளோரன்ஸில் உள்ள விவோலியும் கோனின் இனிப்பு ஜெலாட்டோவின் சுவையைக் கெடுக்கும் என்று கருதிக் கிண்ணத்தில் மட்டுமே தரும் கடைகளாக அறியப்பட்டவை. நடந்துகொண்டே தின்ன விரும்பினால் கோன் வாங்குங்கள். அதில் எந்தத் தவறும் இல்லை.

கடையில் எப்படிக் கேட்டு வாங்குவது?

கூட்டம் மிகுந்த பல கடைகளில் முதலில் ‘காஸ்ஸா’ எனும் பணமேசையில் அளவைச் சொல்லிப் பணம் கட்டி, ‘ஸ்கொந்த்ரீனோ’ எனும் ரசீதை வாங்கிக்கொண்டு, அதைப் பரிமாறுபவரிடம் காட்ட வேண்டும். கிண்ணத்துக்குக் ‘கொப்பெத்தா’, கோனுக்குக் ‘கோனோ’. மிகச் சிறிய அளவிலேயே இரண்டு சுவை கேட்கலாம். அதுவே அங்கே வழக்கம். பாலோடு பால், பழத்தோடு பழம் என்று இணைப்பது பொதுவாகப் பொருந்தும். எலுமிச்சையையும் சாக்லேட்டையும் விதிவிலக்காக நான் விரும்பிச் சேர்ப்பதுண்டு. ‘பான்னா?’ என்று கேட்டால் மேலே கடைந்த க்ரீம் வேண்டுமா என்று பொருள். சுவைத்துப் பார்க்க விரும்பினால் ‘போஸ்ஸோ அஸ்ஸஜ்ஜாரே?’ என்று கேளுங்கள். நீண்ட வரிசை காத்திருக்கும்போது ஒன்றோடு நிறுத்திக்கொள்வது மரியாதை.

ஒரு எச்சரிக்கை. மேசையில் அமர்ந்து உண்டால் விலை கூடும். புகழ்பெற்ற சதுக்கங்களை ஒட்டிய கடைகளில் விலைப்பலகையைப் பார்க்காமல் பெரிய கோனைக் கையில் வாங்கிவிடாதீர்கள். நான் முதல்முறை ரோமுக்குச் சென்றபோது ஒரு நீரூற்றின் அருகே அப்படி வாங்கி, ஒரு வேளைச் சாப்பாட்டுக்கான பணத்தைக் கொடுத்து, நிறமியின் சுவையை மட்டும் பெற்றேன்.

சைவ உணவினர் எதைக் கவனிக்க வேண்டும்?

நம்மவர்களுக்கு இது முதன்மையான கேள்வி என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். ‘க்ரேமா’ என்ற பெயருள்ள மஞ்சள் நிறச் சுவை முட்டை மஞ்சள்கருவில் செய்யப்படுவது. ‘சபயோனே’ முட்டையும் மர்சாலா மதுவும் சேர்ந்தது. ‘மாலகா’வில் ரம்மில் ஊறிய உலர்திராட்சை இருக்கும். ‘சூப்பா இங்லேசே’ என்ற சுவையில் அல்கெர்மெஸ் எனும் சிவப்பு மது சேரும். அதன் நிறம் மரபாகக் கொச்சினீல் பூச்சியிலிருந்து எடுக்கப்பட்டது. ஃபியோர் தி லாத்தேயிலும் பருப்புச் சுவைகளிலும் பெரும்பாலும் முட்டை இருப்பதில்லை, ஆனாலும் சில கடைகள் எல்லாச் சுவைகளுக்கும் முட்டை சேர்த்த ஒரே அடிக்கலவையைப் பயன்படுத்துகின்றன. ‘சென்சா உவோவா?’ என்று கேட்டால் ‘முட்டை இல்லாததா?’ என்று பொருள்.

ஜெலாட்டோ என்ற பெயருக்கும் விலங்கு எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுக்கும் ஜெலட்டினுக்கும் சொல்வேர் மட்டுமே ஒன்று. இருந்தாலும் மூஸ் போன்ற சில வகைகளில் ஜெலட்டின் சேரலாம். பட்டியலில் ‘ஜெலத்தீனா’ என்று இருக்கிறதா என்று பாருங்கள். ‘இ471’ எனும் குறியுள்ள, கொழுப்பையும் நீரையும் பிரியாமல் பிணைக்கும் கூழ்மக் காரணி தாவரத்திலிருந்தும் வரலாம், விலங்கிலிருந்தும் வரலாம். குறியை வைத்து மட்டும் சொல்ல முடியாது. இவை எதுவும் வேண்டாம் என்பவர்களுக்குப் பழச் சொர்பெத்தோவே எளிய வழி.

ரோமில் எங்கே போகலாம்?

நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அருகே உள்ள, 1900இல் தொடங்கிய ஜோலித்தி பழைய ரோமின் சூழலுக்காகப் பார்க்க வேண்டிய இடம். பியாத்சா வித்தோரியோ சதுக்கத்தை ஒட்டிய ஃபாஸ்ஸி இன்னும் பழையது; 1880இல் தொடங்கியது, பெரிய கூடம், உள்ளூர்க் குடும்பங்களின் கூட்டம். சுவையின் துணிவைத் தேடுபவர் ஃபதமோர்கானாவின் கிளைகளில் ஒன்றுக்குப் போகலாம். மூலிகைகளும் மசாலாப் பொருள்களும் சேர்ந்த அசாதாரணமான இணைப்புகள் அங்கே இயல்பாக அமைகின்றன. நான் யாரையாவது ஓரிடத்துக்கு மட்டும் அனுப்ப வேண்டுமென்றால் அங்கேதான் அனுப்புவேன்.

ஃப்ளோரன்ஸிலும் அதன் சுற்றுப்புறத்திலும்?

சாந்தா க்ரோச்சே தேவாலயத்துக்கு அருகே ஒரு சந்தில் விவோலி 1930களிலிருந்து இருக்கிறது. பேராலயத்துக்கும் சின்யோரியா சதுக்கத்துக்கும் நடுவே உள்ள பெர்கே நோ 1939இல் தொடங்கியது. நகர மையத்திலிருந்து சற்று விலகி, வியாலே தேய் மில்லே சாலையில் உள்ள பதியானி, புவோந்தாலெந்தியின் பெயரைத் தாங்கிய பாலேட்டுச் சுவைக்குப் பெயர்பெற்றது; வெறும் முட்டையும் பாலும் சர்க்கரையும் க்ரீமும் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதை அறிய அதைச் சுவைக்க வேண்டும்.

ஒரு நாள் கூடுதலாக இருந்தால் கோபுரங்களின் ஊரான சான் ஜிமின்யானோவுக்குச் செல்லுங்கள். சிஸ்தெர்னா சதுக்கத்தில் உள்ள தொந்தோலியில் அவ்வூர்க் குங்குமப்பூவும் பைன் கொட்டையும் சேர்ந்த ‘க்ரேமா தி சாந்தா ஃபீனா’ கிடைக்கும். குங்குமப்பூப் பாலை அறிந்த நாவுக்கு அது உடனே பிடித்துப்போகும். வரிசை நீளம்; காலையிலோ இரவு நேரத்திலோ போவது நல்லது.

பொலோன்யாவை ஏன் பலரும் பரிந்துரைக்கிறார்கள்?

கடைபொறியின் பிறப்பிடம் என்பது ஒரு காரணம். அந்நகரை அடுத்த அன்சோலா தெல்லெமீலியாவில் கார்ப்பிஜானி என்ற பொறி நிறுவனத்தின் வளாகத்தில் 2012இல் திறக்கப்பட்ட ஜெலாட்டோ அருங்காட்சியகமும், பல நாட்டவர் வந்து தொழில் கற்கும் பள்ளியும் இருக்கின்றன. நகருக்குள் கஸ்திலியோனே தெருவில் உள்ள சொர்பெத்தேரியா பல ஆண்டுகளாக நற்பெயரைக் காத்துவருகிறது. ஆனால் எனக்குத் தோன்றும் முதன்மையான காரணம் வேறு: சுற்றுலாக் கூட்டம் ரோமைவிடக் குறைவு, பல்கலைக்கழக மாணவர் கூட்டம் மிகுதி. நாளும் திரும்பி வருகிற வாடிக்கையாளரை நம்பியிருக்கும் கடை ஏமாற்றத் துணியாது.

சிசிலியில் என்ன வேறுபாடு?

சிசிலியில் ஜெலாட்டோவைக் காலை உணவாகவே உண்பார்கள். உச்சியில் கொண்டைபோல் உருண்டை வைத்த இளகிய ப்ரியோஷ் ரொட்டியைப் பிளந்து அதற்குள் ஜெலாட்டோவை வைத்துத் தருவார்கள். அல்லது கிரனீத்தாவை அதே ரொட்டியால் தொட்டு உண்பார்கள். கிரனீத்தா என்பது பழச்சாறோ பாதாம்பாலோ காப்பியோ மெதுவாக உறைந்து, மெல்லிய பரல்களாக நிற்கும் பண்டம். எட்னாவின் உயரமான சரிவுகளிலும் மற்ற மலைகளிலும் குளிர்காலப் பனியைக் குழிகளில் சேர்த்து, இலைதழையால் மூடிக் காத்து, கோடையில் கடற்கரை ஊர்களுக்கு இறக்கி விற்ற தொழிலிலிருந்து பிறந்தது அது. மெஸ்ஸீனாவில் காப்பிக் கிரனீத்தாவின்மேல் கடைந்த க்ரீம் வேண்டும். நோத்தோவில் 1892 முதல் நடக்கும் கஃபே சிச்சிலியாவில் பாதாம் கிரனீத்தா கேளுங்கள்.

மேற்கே திராப்பனியில் மல்லிகைக் கிரனீத்தா கிடைக்கிறது. பூவைக் குளிர்ந்த நீரில் ஊறவைத்து மணத்தை மட்டும் எடுத்து உறையவைப்பார்கள். கூந்தலிலும் கோயிலிலும் மட்டுமே அறிந்த மணத்தை நாவில் உணர்ந்த அந்தக் கணத்தை நான் மறக்க மாட்டேன். அருகிலுள்ள பலேர்மோவில் ஈழத்தமிழர் பல பத்தாண்டுகளாக வாழ்கிறார்கள்; மொந்தே பெல்லெக்ரீனோ மலைமேல் உள்ள புனித ரொசாலியாவின் குகைக் கோயிலுக்கு அவர்களில் இந்துக்களும் சென்று வழிபடுகிறார்கள். அங்கே உறவினர் இருப்பவர்கள் எந்த வழிகாட்டியையும் தேட வேண்டாம். அவர்களுடைய பிள்ளைகளிடம் கேளுங்கள்.

வடக்கில் குறிப்பாகச் சுவைக்க வேண்டியவை உண்டா?

டுரினில் ஹேசல்நட்டும் சாக்லேட்டும் சேர்ந்த ‘ஜந்துயா’. அதே நகரில் 1884இல் தொடங்கிய பெப்பீனோவில், குச்சியில் செருகிச் சாக்லேட்டில் தோய்த்த ‘பிங்குவீனோ’. அது 1930களின் இறுதியில் வந்தது. பெர்கமோவில் ‘ஸ்த்ராச்சதெல்லா’: 1961இல் அவ்வூரின் லா மரியான்னாவில் என்ரிக்கோ பனத்தோனி, கடைந்துகொண்டிருந்த பால் ஜெலாட்டோவில் உருகிய சாக்லேட்டை ஊற்ற, அது உறைந்து நொறுங்கிய இழைகளாகப் பிரிந்தது.

பெயர் கேள்விப்படாத ஓர் ஊரில் இறங்கினால் எப்படித் தேடுவது?

இணைய மதிப்பீடுகளில் நட்சத்திர எண்ணிக்கையை விட்டுவிட்டு, இத்தாலிய மொழியில் எழுதப்பட்ட கருத்துகளை மட்டும் மொழிபெயர்த்துப் படியுங்கள். அவற்றில் குறிப்பிட்ட சுவைகளின் பெயர் வருகிறதா என்று பாருங்கள். முதன்மைச் சதுக்கத்திலிருந்து இரண்டு மூன்று தெரு தள்ளி நடவுங்கள். மாலை ஆறு மணிக்கு மேல் ஊரார் காற்று வாங்க நடக்கும் நேரத்தில், பாட்டி பேரப்பிள்ளையோடு நிற்கும் வரிசையில் சேர்ந்துகொள்ளுங்கள். தங்கும் விடுதியில் கேட்டால் ‘பயணிகள் எங்கே போவார்கள்’ என்று கேட்காமல் ‘நீங்கள் உங்கள் வீட்டுக்கு எங்கே வாங்குவீர்கள்’ என்று கேளுங்கள். பதில் வேறாக இருக்கும். அந்தக் கடையில் ஃபியோர் தி லாத்தேயும் பிஸ்தாவும் சிறு கிண்ணத்தில் வாங்கி, பிடித்திருந்தால் மறுநாளும் போங்கள். இரண்டாம் நாள் பட்டியலில் ஒன்றிரண்டு சுவைகள் மாறியிருந்தால் நீங்கள் சரியான இடத்தைக் கண்டுவிட்டீர்கள்.

அறைக்கு வாங்கிச் செல்லலாமா?

செல்லலாம். வெப்பம் தடுக்கும் பெட்டியில் அரைக் கிலோ, ஒரு கிலோ என்று எடையிட்டுத் தருவார்கள். ஞாயிறு விருந்துக்குச் செல்லும் இத்தாலியர் கையில் இத்தகைய பெட்டியை அடிக்கடி காணலாம். வீட்டு உறைபெட்டி சுழியத்துக்குக் கீழே 18 டிகிரியில் இருப்பதால் ஜெலாட்டோ அதில் இறுகிவிடும். உண்பதற்கு முன் பத்து நிமிடம் வெளியே எடுத்து வைத்து, கரண்டியால் ஒருமுறை பிசைந்து இளக்குங்கள். உருகியதை மீண்டும் உறையவைத்தால் படிகம் பெருத்து நெருடும். அதனால் அன்றிரவே முடிக்கக்கூடிய அளவு மட்டும் வாங்குங்கள்.